யூஆர்ட்ல ப்ளூடூத் வரலையா? அறிகுறியை வச்சு பிழையைப் பிடிக்கிற வழி

சின்ன லினக்ஸ் போர்டுகள்ல வைஃபையும் ப்ளூடூத்தும் பெரும்பாலும் ஒரே சிப்லதான் இருக்கும், ஆனா வைஃபை எஸ்டிஐஓ பஸ்ல போகும், ப்ளூடூத் தனியா ஒரு சீரியல் போர்ட்ல, அதாவது யூஆர்ட்ல போகும். யூஎஸ்பி டாங்கிள்னா சொருகின உடனே தன் பேரு ஊரு எல்லாம் தானே சொல்லிடும், கர்னல் அதைப் பாத்து டிரைவரை லோட் பண்ணிக்கும். யூஆர்ட்ல அந்தப் பேச்சே கிடையாது. கம்பிக்கு அந்தப் பக்கம் ஒரு சிப் இருக்கா இல்லையான்னுகூட கர்னலுக்குத் தெரியாது, எந்த போர்ட், என்ன வேகம், எந்த ஜிபிஐஓ பின்னை (கர்னல் ஏத்தி இறக்கற பொதுப் பின்) தூக்கினா சிப் எழுந்திருக்கும், என்ன ஃபர்ம்வேர் (சிப்புக்குள்ள ஓடற ப்ரோக்ராம்) ஏத்தணும், எல்லாத்தையும் நாமதான் சொல்லணும். இதுல எது தப்பினாலும் கடைசியில கண்ணுக்குத் தெரியறது ஒரே வரிதான், ப்ளூடூத்தைக் கட்டுப்படுத்தற ப்ளூடூத்சிடிஎல் கமாண்டைத் திறந்தா "நோ டிஃபால்ட் கன்ட்ரோலர் அவைலபிள்". அதைப் பாத்துட்டு லினக்ஸோட ப்ளூடூத் சாஃப்ட்வேரான ப்ளூஸீ பேக்கேஜை அழிச்சு அழிச்சு திரும்பப் போடறவங்க நிறைய பேர், ஆனா பிரச்சனை அந்த மாடியிலயே இல்ல, கீழ எங்கயோ இருக்கு.

அதனால எதையும் மாத்தறதுக்கு முன்னாடி, பைட் எந்த இடத்துல நின்னுபோகுதுன்னு பாருங்க. அது தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்சுது, தெரியாம டிவைஸ் ட்ரீயை (போர்டுல என்னென்ன வன்பொருள் எங்க இருக்குன்னு கர்னலுக்குச் சொல்ற பட்டியல்) மாத்தறது, கர்னலை மாத்தறது, வேற இமேஜ் போடறதுன்னு போனா ரெண்டு மூணு தப்பு ஒண்ணு மேல ஒண்ணா சேந்து பிறகு எதைச் சரி பண்ணோம்னே தெரியாம போயிடும்.

முதல்ல பைட் கணக்கு

ரூட்டா இருந்து /ப்ராக்/டிடிஒய்/டிரைவர்/சீரியல் ங்கிற ஃபைலை கேட் (cat) பண்ணிப் பாருங்க. ராஸ்பெர்ரி பையில முழு யூஆர்ட்டுக்கு அதே ஃபோல்டர்ல டிடிஒய்ஏஎம்ஏன்னு வேற ஃபைல் இருக்கும். ஒவ்வொரு போர்ட்டுக்கும் ஒரு வரி, அதுல டிஎக்ஸ் எத்தனை பைட் போச்சு, ஆர்எக்ஸ் எத்தனை பைட் வந்துச்சுன்னு எண் இருக்கும். தப்பு ஏதாவது நடந்திருந்தா மட்டும் எஃப்இ, பிஇ, ஓஇ-ன்னு கூட வரும், எஃப்இ-ன்னா ஃப்ரேம் எரர், பிஇ-ன்னா பேரிட்டி எரர், ஓஇ-ன்னா பஃபர் நிரம்பி வழிஞ்சுபோச்சுன்னு அர்த்தம். வரிக் கடைசியில ஆர்டிஎஸ், சிடிஎஸ், டிடிஆர் மாதிரி எந்தெந்த லைன் இப்போ ஆன்ல இருக்குன்னும் காட்டும். சிடிஎஸ்னா "இப்போ அனுப்பு"ன்னு சிப் நமக்குச் சொல்ற லைன், ஆர்டிஎஸ்னா அதையே நாம சிப்புக்குச் சொல்றது, இந்த ரெண்டும் சேந்ததுதான் ஃப்ளோ கன்ட்ரோல். அந்த சிடிஎஸ் ரொம்ப முக்கியம், அது நம்ம கையில இல்ல, சிப்தான் அதை இழுக்கணும். சிப்புக்குக் கரன்ட் வந்து, உள்ள தயாராகி, ஃப்ளோ கன்ட்ரோல் கம்பியும் சரியா இருந்தாதான் அந்த வார்த்தை அங்க தெரியும்.

இந்த ஒரு வரி சொல்ற அளவுக்கு வேற எந்த லாகும் சொல்லாது. ப்ளூடூத்தை ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி ஒரு தடவை, பண்ணி ஃபெயில் ஆனதுக்கப்புறம் ஒரு தடவை பாத்து ரெண்டையும் குறிச்சு வச்சுக்கோங்க. கூடவே கர்னல் லாகான டிமெசேஜ்ல ப்ளூடூத், ஹெச்சிஐ (கர்னலும் ப்ளூடூத் சிப்பும் பேசிக்கிற முறை), டிடிஒய் (சீரியல் போர்ட்) மூணையும் க்ரெப் பண்ணி எடுத்து வச்சுக்கோங்க, போர்டோட ஸ்கீமேட்டிக் கிடைச்சா அதையும். இனி அறிகுறிக்குப் போவோம்.

டிமெசேஜ்ல ஹெச்சிஐ பத்தி ஒரு வரிகூட இல்ல, டிஎக்ஸ் 0

கர்னலுக்கு யாரும் சொல்லவே இல்லன்னு அர்த்தம். சொல்றதுக்கு ரெண்டு வழி இருக்கு. பழைய வழியில ஹெச்சிஐஅட்டாச் இல்லன்னா பிடிஅட்டாச் மாதிரி ஒரு ப்ரோக்ராம் போர்ட்டைத் திறந்து, "இது இனிமே ப்ளூடூத் லைன்"னு கர்னல்கிட்ட ஒப்படைக்கும். புது வழி செர்டெவ், 2017-ல கர்னல் 4.11-ல வந்தது, இதுல டிவைஸ் ட்ரீல யூஆர்ட் நோடுக்குள்ளயே ப்ளூடூத்துன்னு ஒரு குட்டி நோட் வச்சிடணும், பூட் ஆகும்போது டிரைவர் தானே பிடிச்சுக்கும். புதுசா செட் பண்றவங்க செர்டெவ் வழியிலயே போங்க, பவர் பின், க்ளாக், வேக்கப் பின் எல்லாத்தையும் டிரைவரே பாத்துக்கும். ஹெச்சிஐஅட்டாச்சை ப்ளூஸீக்காரங்களே ஓரங்கட்டிட்டாங்க, பல டிஸ்ட்ரோல அது பேக்கேஜ்லயே வராது.

செர்டெவ் வழியில ஒண்ணுமே வரலன்னா, யூஆர்ட் நோட்ல ஸ்டேட்டஸ் ஓகே-ன்னு இருக்கா, உள்நோட்ல கம்பேட்டிபிள் பேரு டிரைவருக்குத் தெரிஞ்ச பேரா, ஓவர்லே (டிவைஸ் ட்ரீ மேல சேக்கற ஒட்டு) நிஜமாவே லோட் ஆச்சான்னு பாருங்க. லோட் ஆச்சான்னு பாக்க ஓவர்லே ஃபைலைப் பாக்காதீங்க, ஓடிக்கிட்டு இருக்கிற கர்னல் என்ன வச்சிருக்குன்னு /ப்ராக்/டிவைஸ்-ட்ரீ உள்ள போய்ப் பாருங்க. அடுத்தது கர்னல் கான்ஃபிக், ஹெச்சிஐ யூஆர்ட் ஆப்ஷன் மட்டும் ஆன் பண்ணா போதாது, அதுக்குக் கீழ ப்ராட்காம், ரியல்டெக், த்ரீ-வயர்னு தனித்தனியா சின்னச் சின்ன ஆப்ஷன் இருக்கு, கூடவே சீரியல் டெவ் பஸ், அதுக்குள்ள டிடிஒய் போர்ட் கன்ட்ரோலர்ங்கிற ஆப்ஷனும் வேணும். இந்தக் கடைசி ஒண்ணு விட்டுப்போனா எரரே வராது, சத்தமே இல்லாம ஒண்ணும் நடக்காது, அதனால இதை மறக்காம பாருங்க.

இங்கயே இன்னொரு விஷயம். டிவைஸ் ட்ரீல நோட் வச்சதும் /டெவ் உள்ள அந்த டிடிஒய்எஸ்1 காணாம போச்சுன்னு பதறாதீங்க, அது நல்ல செய்தி. செர்டெவ் ஒரு போர்ட்டை எடுத்துக்கிட்டா அந்த போர்ட்டுக்கு /டெவ்ல ஃபைல் உருவாகவே உருவாகாது. அதுக்கப்புறம் அதுமேல பிடிஅட்டாச் ஓட்டப் பாக்கிறதுல அர்த்தம் இல்ல, ரெண்டு வழியில ஒண்ணை மட்டும் வச்சுக்கோங்க.

"டிவைஸ் ஆர் ரிசோர்ஸ் பிஸி", இல்லன்னா ப்ளூடூத் ஆன் பண்ணாமலேயே டிஎக்ஸ் ஏறிக்கிட்டு இருக்கு

வேற யாரோ அந்த போர்ட்ல உக்காந்திருக்காங்க. கர்னல் கமாண்ட் லைன்ல கன்சோல்னு அந்த போர்ட் பேரு இருக்கலாம், சிஸ்டம்டியோட சீரியல்-கெட்டி சர்வீஸ் லாகின் ப்ராம்ப்ட் போட்டுட்டு இருக்கலாம், மோடம்மேனேஜர் வந்து ஏடி கமாண்ட் அனுப்பிப் பாத்துட்டு இருக்கலாம். சிப் ஹெச்சிஐ பாக்கெட்டை எதிர்பாத்துட்டு இருக்கும்போது அதுக்கு "லாகின்:"னு எழுத்து போனா அது குழம்பி நின்னுடும், அதுக்கப்புறம் சரியான கமாண்ட் போனாலும் பதில் வராது, பவர் பின்னை இறக்கி ஏத்தினாதான் மீளும். கன்சோலை வேற போர்ட்டுக்கு மாத்துங்க, கெட்டி சர்வீஸை டிஸேபிள் மட்டும் பண்ணா போதாது, மாஸ்க் பண்ணிடுங்க.

ராஸ்பெர்ரி பையில இது கொஞ்சம் தனிக்கதை. 2016-ல வந்த பை 3-லேருந்து பை 4 வரைக்கும் நல்ல யூஆர்ட்டை, அதாவது பிஎல்011-ஐ, ப்ளூடூத்துக்குக் குடுத்துட்டாங்க, வெளி ஹெட்டர்ல இருக்கிற ஜிபிஐஓ 14, 15-க்கு மினி யூஆர்ட் போச்சு. யாராவது ஜிபிஎஸ் மாடியூலுக்காக நல்ல யூஆர்ட் வேணும்னு மினியூஆர்ட்-பிடி ஓவர்லே போட்டிருந்தா ப்ளூடூத் இப்போ மினி யூஆர்ட்ல ஓடும், அதோட பாட் ரேட் (சீரியல் வேகம்) கோர் க்ளாக்கோட கட்டுண்டது, க்ளாக் மேல கீழ போனா பாட் ரேட்டும் கூடவே போகும். அப்படி வச்சா கான்ஃபிக் ஃபைல்ல கோர் ஃப்ரீக்வென்ஸியை நிலையா வச்சே ஆகணும். டிஸேபிள்-பிடி ஓவர்லே போட்டு மறந்துட்டு ப்ளூடூத் எங்கன்னு தேடறதும் நடக்கும், கான்ஃபிக் ஃபைலை ஒரு தடவை மேலேருந்து கீழ வரைக்கும் படிச்சிடுங்க.

"கமாண்ட் 0எக்ஸ்0சி03 டிஎக்ஸ் டைம்அவுட்"

எல்லாரும் முட்டிக்கிட்டு நிக்கிற இடம் இதுதான், அதனால கொஞ்சம் நின்னு பாப்போம். 0சி03 ங்கிறது ஹெச்சிஐ ரீசெட் கமாண்ட், டிரைவர் அனுப்பற முதல் பேச்சுகள்ல ஒண்ணு. அதுக்கே பதில் இல்லன்னா சிப் காதுல விழல, இல்ல அது பேசறது நமக்குக் கேக்கல. 1001 டைம்அவுட் வந்தாலும் இதே கதைதான், அது வெர்ஷன் கேக்கற கமாண்ட். இப்போ பைட் கணக்கைத் திரும்ப எடுங்க.

டிஎக்ஸ் 0, இல்ல ஒரு சில பைட்டோட நின்னுபோச்சு, வரிக் கடைசியில சிடிஎஸ் காணோம்: அனுப்பவே முடியல, சிப் "அனுப்பு"ன்னு சொல்ற வரைக்கும் நம்ம யூஆர்ட் காத்துக்கிட்டு இருக்கு. இதுக்கு ஒண்ணு, சிப் தூங்குது. இல்லன்னா சிடிஎஸ் கம்பி நம்ம பின் வரைக்கும் வரல. பின்மக்ஸ்ல, அதாவது எந்தப் பின் எந்த வேலைக்குன்னு சொல்ற இடத்துல, நிறைய பேர் டிஎக்ஸ் ஆர்எக்ஸ் க்ரூப்பை மட்டும் போட்டுட்டு சிடிஎஸ் ஆர்டிஎஸ் க்ரூப்பை விட்டுடறாங்க, அப்போ அந்த ரெண்டு பின்னும் சும்மா ஜிபிஐஓவா கிடக்கும். டீபக்எஃப்எஸ் (கர்னல் தன் உள் நிலையைக் காட்டற ஃபோல்டர்) உள்ள பின்கன்ட்ரோல் ஃபோல்டர்ல பின்மக்ஸ்-பின்ஸ்னு ஃபைல் இருக்கு, அதுல அந்த நாலு பின்னும் யூஆர்ட் பேர்ல இருக்கான்னு பாத்துடுங்க. டிவைஸ் ட்ரீல யூஆர்ட்-ஹாஸ்-ஆர்டிஎஸ்சிடிஎஸ் ப்ராப்பர்ட்டியும் இருக்கணும். வெளியிலேருந்து மாடியூல் வயர் பண்ணிருக்கீங்கன்னா குறுக்கா போகணும், நம்ம ஆர்டிஎஸ் அவங்க சிடிஎஸ்ஸுக்கு, நம்ம டிஎக்ஸ் அவங்க ஆர்எக்ஸுக்கு, ஆனா சில மாடியூல்ல பின் பேரையே ஹோஸ்ட் பக்கத்துலேருந்து எழுதிருப்பாங்க, அதனால டேட்டாஷீட்ல அந்தப் பின் இன்புட்டா அவுட்புட்டான்னு பாத்து வயர் பண்ணுங்க, பேரை நம்பாதீங்க.

டிஎக்ஸ் ஏறுது, ஆர்எக்ஸ் 0: நாம பேசறோம், பதில் சுத்தமா இல்ல. இங்க பாக்க வேண்டிய வரிசை பவர், க்ளாக், வோல்டேஜ், கம்பி. பவர்னா ப்ராட்காம் வகை சிப்ல பிடி ரெக் ஆன்னு ஒரு பின் இருக்கும், அது வைஃபையோட ரெக் ஆன் பின் கிடையாது, தனி. வைஃபை ஓடறதால பேட்டரி லைனும் கிரிஸ்டலும் சரின்னு தெரிஞ்சுக்கலாம், ஆனா ப்ளூடூத் பாதி எழுந்திருச்சான்னு அதை வச்சுச் சொல்ல முடியாது. டிவைஸ் ட்ரீல இந்தப் பின்னை ஷட்டவுன்-ஜிபிஐஓஸ்னு எழுதணும், பேரு ஷட்டவுன்னு இருக்கிறதால சிலர் ஆக்டிவ் லோ-ன்னு போட்டுடறாங்க, ஆனா டிரைவர் அதை எனேபிள் பின்னாதான் பாக்குது, பின் மேல போனா சிப் எழுந்திருக்கும்னா ஆக்டிவ் ஹைதான் போடணும். மல்டிமீட்டர் இருந்தா வச்சுப் பாத்துடுங்க, அதுக்கு மேல ஆதாரம் இல்ல.

க்ளாக்னா 32.768 கிலோஹெர்ட்ஸ் மெதுவான க்ளாக். சில மாடியூல்ல உள்ளயே இருக்கும், பலதுல போர்டுலேருந்து வரணும், ராக்சிப் போர்டுகள்ல பவர் மேனேஜ்மென்ட் சிப்லேருந்தும் ஆல்வின்னர் போர்டுகள்ல ஆர்டிசி பக்கத்துலேருந்தும் வர்றது வழக்கம். டிவைஸ் ட்ரீல எல்பிஓ-ன்னு பேர் குடுத்து அந்த க்ளாக்கைச் சேக்கலன்னா, யாரும் கேக்கலன்னு நினைச்சு கர்னல் அதை அணைச்சுடும். பூட் ஆகற நேரத்துல ஓடி, பயன்படுத்தாத க்ளாக்கையெல்லாம் கர்னல் அணைக்கிற கட்டம் வந்ததும் சாகுதுன்னா நேரா இதுக்கு வாங்க.

வோல்டேஜ்: சிப் பக்கம் 1.8 வோல்ட், போர்டு பக்கம் 3.3 வோல்ட் இருந்தா பேச்சு வராது, சிப்புக்கும் நல்லதில்ல. ராக்சிப்ல ஐஓ டொமைன்னு ஒரு செட்டிங் இருக்கு, கம்பியில நிஜமா என்ன வோல்டேஜ் வருதோ அதேதான் அதுலயும் சொல்லிருக்கணும்.

ஆர்எக்ஸ் ஏறுது, கூடவே எஃப்இ-யும் ஏறுது: சந்தோஷப்படுங்க, சிப் உயிரோட இருக்கு, வேகம்தான் ஒத்துப்போகல. அதுக்குக் கீழ தனியா வரேன்.

கையால ஒரு தடவை பேசிப் பாக்கறது

இன்னும் சந்தேகம் இருந்தா டிரைவரையே ஓரமா வச்சுட்டு நேரா சிப்கிட்ட பேசலாம். டிவைஸ் ட்ரீல ப்ளூடூத் உள்நோடை மட்டும் டிஸேபிள் பண்ணிட்டு பூட் பண்ணுங்க, போர்ட் /டெவ்ல திரும்ப வரும். எஸ்டிடிஒய் கமாண்டால 115200, ரா மோட், எக்கோ இல்லாம, சிஆர்டிஎஸ்சிடிஎஸ் ஆன்னு செட் பண்ணுங்க. ஜிபிஐஓசெட் வச்சு பவர் பின்னை மேல தூக்குங்க, அந்த கமாண்ட் முடிஞ்சுபோனா பின் கீழ விழுந்துடலாம், அதனால பின்னணியில பிடிச்சு வச்சுக்கிட்டே இருக்கிற மாதிரி ஓட்டுங்க. ஒரு டெர்மினல்ல ஓடி (od) கமாண்டை பைட் பைட்டா தசமத்துல காட்டச் சொல்லி போர்ட் மேல விடுங்க, இன்னொண்ணுல ப்ரின்ட்எஃப்ல ஆக்டல் எஸ்கேப்பா 001, 003, 014, 000 நாலு பைட்டை அதே போர்ட்டுக்கு அனுப்புங்க. முதல் பைட் 1-ன்னா கமாண்ட் பாக்கெட், நடுவுல ரெண்டு பைட் ரீசெட், கடைசி 0-ன்னா கூட எதுவும் இல்லன்னு அர்த்தம்.

சிப் நல்லா இருந்தா 4, 14, 4, 1, 3, 12, 0-ன்னு ஏழு பைட் திரும்ப வரும். 4-ன்னா ஈவென்ட், 14-ன்னா கமாண்ட் முடிஞ்சது, கடைசி 0-ன்னா வெற்றி. இந்த ஏழு பைட்டைப் பாத்துட்டா பவர், க்ளாக், கம்பி, ஆரம்ப வேகம் எல்லாம் சரின்னு ஒரே அடியில உறுதி ஆயிடும், இனி தப்பு முழுக்க சாஃப்ட்வேர் பக்கம்தான். ஃபர்ம்வேர்கூட இதுக்குத் தேவையில்ல, சிப்போட ரோம்லயே இவ்வளவு பேச்சு இருக்கு. ஆனா இந்தச் சோதனை ஹெச்4 (ஹெச்சிஐ பாக்கெட்டை அப்படியே யூஆர்ட்ல அனுப்பற முறை) பேசற சிப்புக்குத்தான். ரியல்டெக்ல பலது ஹெச்5, அதாவது த்ரீ-வயர் பேசும், அதுகிட்ட இப்படி அனுப்பினா பதில் வராது, அதை வச்சு சிப் செத்துப்போச்சுன்னு முடிவு பண்ணிடாதீங்க.

பவரைப் பிடுங்கிப் போட்டா வருது, ரீபூட் பண்ணா வரல

இதுக்குக் காரணம் அழகா தெளிவா இருக்கும். பெரும்பாலும் சிப் 115200-ல எழுந்திருக்கும், டிரைவர் ஃபர்ம்வேர் ஏத்திட்டு 15 லட்சம், 30 லட்சம்னு வேகத்தை ஏத்திடும். ரீபூட் பண்ணும்போது கரன்ட் போகல, பவர் பின்னும் கீழ இறங்கலன்னா சிப் அதே பெரிய வேகத்துல உக்காந்திருக்கும், புது டிரைவர் வந்து 115200-ல கூப்பிட்டா அதுக்கு வெறும் இரைச்சலாத்தான் கேக்கும். தீர்வு, பவர் பின்னை டிரைவர் கையில குடுக்கறது, ஷட்டவுன்-ஜிபிஐஓஸ் இருந்தா ஆரம்பிக்கும்போதே கீழ இறக்கி மேல ஏத்திடும். பின்னை போர்டுல நிரந்தரமா மேல கட்டி வச்சிருந்தா வேற வழி இல்ல, அந்த சப்ளையை அணைச்சுப் போடற ரெகுலேட்டர் இருக்கான்னு தேடணும். ஹெச்சிஐஅட்டாச்சை ஒரு தடவை ஓட்டி, கொன்னுட்டு, ரெண்டாவது தடவை ஓட்டினா "இனிஷியலைசேஷன் டைம்டு அவுட்"னு வர்றதும் இதே காரணத்தாலதான்.

"ஃப்ரேம் ரீஅசெம்ப்ளி ஃபெயில்டு -84", இல்லன்னா 0எக்ஸ்எஃப்சி18 டைம்அவுட்

எஃப்சி18 ங்கிறது ப்ராட்காம்ல "வேகத்தை மாத்து"ங்கிற கமாண்ட். அதுவரைக்கும் பேச்சு நடந்திருக்கு, வேகம் மாறும்போது உடைஞ்சிருக்கு. -84-ன்னா வந்த பைட் எந்த பாக்கெட்டோட ஆரம்பமாவும் இல்ல, அதாவது நடுவுல ஏதோ பைட் தொலைஞ்சிருக்கு இல்ல கெட்டிருக்கு.

இங்க பெரும்பாலானவங்க பண்றது வேகத்தைக் குறைக்கறது, 15 லட்சம் வேணாம் 921600 வைப்போம், அதுவும் வேணாம் 460800 வைப்போம்னு. கேக்க நியாயமாத்தான் இருக்கு, ஆனா கணக்கு போட்டுப் பாருங்க. பல ஆல்வின்னர் போர்டுகள்ல யூஆர்ட்டுக்கு 24 மெகாஹெர்ட்ஸ் க்ளாக், அதை 16-ஆல வகுத்தா 15 லட்சம், அதை இன்னொரு முழு எண்ணால வகுத்துத்தான் எந்த பாட் ரேட்டும் வரணும். 1-ஆல வகுத்தா 15 லட்சம் துல்லியமா வரும். 2-ஆல வகுத்தா ஏழரை லட்சம். 921600 வேணும்னா 1.63-ஆல வகுக்கணும், அது முடியாது, 2-ன்னு எடுத்துக்கும், உங்களுக்குக் கிடைக்கறது 750000, கிட்டத்தட்ட 19 சதவீதம் தப்பு. 460800 கேட்டா 3-ஆல வகுத்து 500000 வரும், எட்டரை சதவீதம் தப்பு. யூஆர்ட் தாங்கறது ரெண்டு மூணு சதவீதம்தான். 115200-க்கு 13-ஆல வகுக்கறதால சரியா வந்துடும். ஆக அந்த போர்டுல 115200 ஓடும், 15 லட்சம் ஓடும், நடுவுல இருக்கிற பழக்கமான எண்கள் ஓடாது. 30 லட்சம் கேட்டா அதுக்கு 48 மெகாஹெர்ட்ஸ் வேணும், அது இந்த க்ளாக்ல கிடைக்காது.

அதனால டிவைஸ் ட்ரீல மேக்ஸ்-ஸ்பீட் எழுதறதுக்கு முன்னாடி உங்க யூஆர்ட்டோட க்ளாக் என்னன்னு டீபக்எஃப்எஸ்ல க்ளாக் சம்மரி ஃபைல்ல பாத்து, 16-ஆல வகுத்து, அதுலேருந்து முழு எண்ணால கிடைக்கற வேகத்தை எடுங்க. ராஸ்பெர்ரி பையோட பிஎல்011-ல பின்னமாவும் வகுக்க முடியும், அதனால அங்க இந்தத் தொல்லை குறைவு.

வேகம் கணக்குப்படி சரியா இருந்தும் -84 வந்தா ஃப்ளோ கன்ட்ரோலைப் பாருங்க, ஓஇ எண் ஏறிருந்தா அதேதான். சிடிஎஸ் ஆர்டிஎஸ் இல்லாம 15 லட்சத்துல ஓட்டறது எனக்குச் சுத்தமா பிடிக்காத வேலை, சும்மா இருக்கும்போது ஓடும், சிபியு வேற வேலையில பிஸியான நொடி பைட் விழுந்துடும், அதுக்கப்புறம் எந்த பைட் எதோட ஆரம்பம்னு ஹெச்4-ஆல கண்டுபிடிக்கவே முடியாது. ஃப்ளோ கன்ட்ரோல் கம்பி இல்லாத போர்டுன்னா 115200-லயே விட்டுடுங்க, கீபோர்ட், சென்சார் மாதிரி சின்ன வேலைக்கு அது போதும்.

ஃபர்ம்வேர் கிடைக்கல

டிமெசேஜ்ல "ஃபர்ம்வேர் பேட்ச் ஃபைல் நாட் ஃபவுண்ட், ட்ரைடு"ன்னு சொல்லிட்டு, எந்தெந்தப் பேர்ல தேடினேன்னு கீழ வரிசையா எழுதிருக்கும். அதைப் படிங்க, விடை அங்கயே இருக்கு. ப்ராட்காம் ஃபைல் ஹெச்சிடி எக்ஸ்டென்ஷன்ல /லிப்/ஃபர்ம்வேர்/பிஆர்சிஎம் ஃபோல்டர்ல இருக்கணும், புது கர்னல் முதல்ல போர்டு பேரு சேந்த ஃபைலைத் தேடும், அப்புறம் வெறும் சிப் பேர்ல தேடும். வைஃபை ஃபர்ம்வேர் அதே ஃபோல்டர்ல இருக்கறதால ப்ளூடூத்தும் இருக்கும்னு நினைச்சுக்காதீங்க, வைஃபை ஃபைல் மட்டும் வர்ற பேக்கேஜ் நிறைய. சிப் பேரே இல்லாம வெறும் பிசிஎம்.ஹெச்சிடி-ன்னு தேடிருந்தா உங்க சிப் ரிவிஷன் டிரைவரோட பட்டியல்ல இல்லன்னு அர்த்தம், சரியான ஃபைலுக்கு அந்தப் பேர்ல ஒரு சிம்லிங்க் போட்டா ஓடும்.

ஃபைல் கண்ணு முன்னாடி இருக்கு, ஆனாலும் எரர் -2 வருதுன்னா டிரைவர் கர்னலுக்குள்ளயே பில்ட் ஆகி, ரூட் ஃபைல்சிஸ்டம் மவுன்ட் ஆகறதுக்கு முன்னாடியே தேடிருக்கு. டிரைவரை மாடியூலா மாத்துங்க, இல்ல ஃபைலை பூட் ஆரம்பத்துலயே லோட் ஆகற இனிட்ராம்எஃப்எஸ்ல சேருங்க. ஃபர்ம்வேர் ஏறலன்னாலும் ஹெச்சிஐ0 (கர்னல் ப்ளூடூத்துக்கு வைக்கிற டிவைஸ் பேரு) வந்துடும், ஸ்கேன்கூட பண்ணும், ஆனா ரோம்ல இருக்கிற பழைய கோடோட ஓடும், பேரிங் விட்டு விட்டுப் போகும். ஏறுச்சான்னு பாக்க டிமெசேஜ்ல பில்ட் எண்ணைப் பாருங்க, ஏத்தினதுக்கப்புறமும் பில்ட் 0000-ன்னு இருந்தா ஏறல. ஏத்தறது 115200-லதான் நடக்குது, நொடிக்கு 11 கிலோபைட் சொச்சம்தான் போகும், அதனால ஹெச்சிஐ0 தயாராக மூணு நாலு நொடி ஆனா அது பிழை இல்ல.

ரியல்டெக்ல ரெண்டு ஃபைல் வேணும், ஃபர்ம்வேர் ஒண்ணு, கான்ஃபிக் ஒண்ணு. யூஆர்ட் சிப்புக்கு அந்த கான்ஃபிக் கட்டாயம், ஏன்னா எந்த வேகத்துக்கு மாறணும், ஃப்ளோ கன்ட்ரோல் இருக்கான்னு அதுலதான் எழுதிருக்கு. வேற போர்டோட கான்ஃபிக்கை எடுத்துப் போட்டா ஃபர்ம்வேர் நல்லா ஏறி அதுக்கப்புறம் அமைதி ஆயிடும். ஹெச்5-ல ஈவன் பேரிட்டி வேற இருக்கு, பேரிட்டி இல்லாத மினி யூஆர்ட்ல இதைக் கட்டினா நடக்காது.

ஹெச்சிஐ0 இருக்கு, ஆனா மேல எழுந்திருக்க மாட்டேங்குது

"ஆர்எஃப்-கில்" 132-ன்னு வந்தா ரேடியோவை அணைச்சு வச்சிருக்குன்னு அர்த்தம், ஆர்எஃப்கில் லிஸ்ட் பாத்து அன்பிளாக் பண்ணுங்க. சாஃப்ட் பிளாக்கை சிஸ்டம்டி சேவ் பண்ணி அடுத்த பூட்லயும் திரும்பப் போடும், அதனால ஒரு தடவை அன்பிளாக் பண்ணிட்டு ஒழுங்கா ஷட்டவுன் பண்ணுங்க.

ஆர்எஃப்கில் சுத்தமா இருக்கு, ஹெச்சிஐ0 இருக்கு, ஆனா ப்ளூடூத்சிடிஎல் மட்டும் கன்ட்ரோலரே இல்லன்னு சொல்லுதுன்னா அட்ரஸைப் பாருங்க. நிறைய சிப்புக்குள்ள தனக்குன்னு அட்ரஸ் எழுதி வச்சிருக்காது, எல்லாம் ஏஏ, இல்லன்னா சிப் நம்பரையே அட்ரஸா வச்ச ஒரு பொது அட்ரஸ்தான் வரும். டிமெசேஜ்ல "யூசிங் டிஃபால்ட் டிவைஸ் அட்ரஸ்"னு இருக்கும். கர்னல் அதைச் செல்லாதுன்னு ஒதுக்கி கன்ட்ரோலரை அன்கான்ஃபிகர்டுன்னு வச்சிடும். பிடிமேனேஜ்மென்ட் டூல்ல பப்ளிக்-அட்ரஸ் குடுத்தா உடனே சரியாகும், நிரந்தரமா வேணும்னா டிவைஸ் ட்ரீல லோக்கல்-பிடி-அட்ரஸ் எழுதுங்க, அதுல பைட்டைக் கடைசியிலேருந்து முதலுக்குத் திருப்பி எழுதணும்ங்கிறதை மறக்காதீங்க. ஒரே மாதிரி ரெண்டு போர்டு வச்சிருந்து ஒண்ணை ஒண்ணு பாக்கவே இல்லன்னாலும் முதல்ல அட்ரஸைத்தான் பாக்கணும், ரெண்டுக்கும் ஒரே அட்ரஸா இருக்கும்.

பிடிஅட்டாச் வழியில போறவங்களுக்கு ஒண்ணு, அந்த ப்ரோக்ராம் ஓடிக்கிட்டே இருக்கணும், டெர்மினலை மூடினா ஹெச்சிஐ0-வும் போயிடும். சர்வீஸ் ஃபைல் எழுதிடுங்க.

எல்லாம் வருது, ஒரு அஞ்சு நொடி சும்மா விட்டா செத்துப்போகுது

ப்ராட்காம் டிரைவர் 5 நொடி பேச்சு இல்லன்னா சிப்பைத் தூங்க விடும், திரும்ப எழுப்ப டிவைஸ்-வேக்கப் பின்னைத் தட்டும். அந்தப் பின் நம்பர் தப்பு, இல்ல போலாரிட்டி தலைகீழ்ன்னா தூங்கினது எழுந்திருக்காது, அடுத்த கமாண்ட் டைம்அவுட். இதை உறுதி பண்ண சுலபமான வழி இருக்கு, டிவைஸ் ட்ரீல ஹோஸ்ட்-வேக்கப் இன்டரப்டை எடுத்துட்டு பூட் பண்ணுங்க. அது இல்லன்னா டிரைவர் தூங்க வைக்கிற வேலையையே செட் பண்ணாது. அப்போ ஒழுங்கா ஓடுச்சுன்னா குற்றவாளி வேக்கப் பின்கள்தான். கரன்ட்ல ஓடற போர்டுன்னா அப்படியே விட்டாலும் தப்பில்ல, பேட்டரியில ஓடறதுன்னா ஸ்கீமேட்டிக்கைப் பாத்து சரி பண்ணுங்க.

பாட்டு திக்குது, கால்ல சத்தமே இல்ல

திக்கறதுக்கு முதல்ல வேகம். நல்ல தரத்துல எஸ்பிசி ஆடியோவுக்கு நொடிக்கு 328 கிலோபிட் வேணும், 115200-ல ஸ்டார்ட் ஸ்டாப் பிட் கழிச்சா கையில நிக்கறது 92 கிலோபிட். எந்த செட்டிங்கும் அதைச் சரி பண்ண முடியாது, வேகத்தை ஏத்தியே ஆகணும். வேகம் சரின்னா வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாத்திப் பாருங்க, ரெண்டும் ஒரே ஆன்டெனாவுல 2.4-ல அடிச்சுக்கறது சகஜம்.

பாட்டு நல்லா வருது, ஹெட்செட்ல கால் பேசினா மட்டும் ரெண்டு பக்கமும் அமைதின்னா, சிப் குரலை யூஆர்ட்ல அனுப்பாம தன்னோட பிசிஎம் பின்ல அனுப்பிட்டு இருக்கு, அந்தப் பின் போர்டுல எங்கயும் போகாம கிடக்கும். ப்ராட்காம் சிப்புக்கு டிவைஸ் ட்ரீல பிடி-பிசிஎம்-இன்ட்-பாராம்ஸ்னு ஒரு ப்ராப்பர்ட்டி இருக்கு, அஞ்சு பைட், 01 02 00 01 01-ன்னு குடுங்க. முதல் பைட் 1-ன்னா குரலும் அதே சீரியல் லைன்லயே வரும், 0-ன்னா பிசிஎம் பின்னுக்குப் போகும். மாத்திட்டு ஹெச்சிஐ பேச்சைக் காட்டற பிடிமான் (btmon) ஓட்டி வச்சு ஒரு கால் போட்டுப் பாருங்க, எஸ்சிஓ (குரல்) டேட்டா பாக்கெட் ரெண்டு பக்கமும் ஓடறது திரையில தெரியும், அப்பவும் சத்தம் வரலன்னா இனி பாக்க வேண்டியது பைப்வயர் இல்ல பல்ஸ்ஆடியோ பக்கம், ஹெட்செட்டோட ப்ரொஃபைல் ஹேண்ட்ஸ்ஃப்ரீக்கு மாறிச்சான்னு.